வளவுப் புளிப்பில் ஒரு குடிபானம்: எந்தக் காய், எந்த முறை?

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவில் கிணற்றடிக்குத் தெற்கே ஒரு நெல்லி மரமும், மதிலோரமாக ஓர் அரைநெல்லியும், கோடிப்பக்கத்தில் ஒரு விளிம்பி மரமும் நிற்கின்றன. இவை காய்க்கும் காலத்தில் ஆண்டுதோறும் நடப்பது ஒன்றுதான்: அணில் தின்றது போக, அயலுக்குக் கொடுத்தது போக, மீதியில் ஒரு பங்கு ஊறுகாயாகும், மறு பங்கு நிலத்தில் கிடந்து அழுகும். அம்மம்மாவின் சலரோகம் கட்டுக்கடங்காமல் போனதையும், பிள்ளைகள் கடைச் சோடாவுக்குப் பழகிவிட்டதையும் கண்ட பின்னர், வளவில் விளையும் புளிப்புக் காய்களைக் கொண்டே அன்றாடம் குடிக்கத் தக்க பானம் ஒன்றைச் செய்வதென்று வீட்டில் முடிவெடுத்தோம். முடிவெடுக்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. எந்தக் காயை எடுப்பது, அதை எந்த முறையில் பதப்படுத்துவது, கிணற்றடியில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் இடத்தில் இன்னும் எதை நடுவது என்பவற்றைத் தீர்மானிக்க ஓராண்டு சென்றது. அந்த ஓராண்டில் செய்து பார்த்தவற்றையும் படித்து அறிந்தவற்றையும் ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.

இவ்விடயத்தில் நம்மவர் பேச்சு பெரும்பாலும் காயைப் பற்றியதாகவே இருக்கும். நெல்லி நல்லதா, நாவல் நல்லதா என்று கேட்பார்கள். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தீர்கள், எத்தனை கரண்டி சீனி இட்டீர்கள் என்று கேட்பவர் குறைவு. மிகச் சிறந்த காயை எடுத்து மிக மோசமான முறையில் பதப்படுத்தினால் கிடைப்பது நிறமூட்டிய சீனித் தண்ணீரேயன்றி வேறில்லை என்பதனால், காயைவிட முறைக்கே அதிக எடை கொடுக்க வேண்டும் என்ற கருத்துக்கு நான் வந்திருக்கிறேன். ஆயினும் காய்களை முதலில் பார்த்துவிடுவோம். ஏனெனில் ஒரு காயை ஆரம்பத்திலேயே பட்டியலில் இருந்து நீக்க வேண்டியிருக்கிறது.

அது விளிம்பிக்காய். பிலிம்பி என்றும் அழைக்கப்படும் இந்தக் காய் மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்குவதைக் காண்பவருக்கு இத்தனையையும் பிழிந்து குடித்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. கொழுப்பைக் குறைக்கும் என்று சொல்லி அதைச் சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பவர்களும் உண்டு. ஆனால் விளிம்பியில் ஒட்சாலிக் அமிலம் மிக அதிகம். செறிந்த சாற்றைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகக் குழாய்களில் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் படிந்து, சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த சம்பவங்களைக் கேரளத்திலும் இலங்கையிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த தமரத்தைக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தமரத்தை மூளையையும் நரம்புகளையும் தாக்கும் நச்சாகவும் அமையக்கூடும். மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக இரண்டு விளிம்பிக்காயை இடுவதில் பிழையில்லை. அதைக் குடிபானமாக்குவது வேறு விடயம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எஞ்சியவற்றுள் நெல்லியும் அரைநெல்லியும் பெயரால் உறவினர் போலத் தோன்றுவதனால் ஒன்றின் பெருமையை மற்றதன் மீது ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பது உண்மைதான். ஆனால் விற்றமின் சி என்று வரும்போது இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. இந்தியாவின் தேசிய போசாக்கு நிறுவனத்தின் பழைய அட்டவணைகள் நெல்லிக்கு 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் எனக் குறித்தன. அதே நிறுவனம் 2017 இல் வெளியிட்ட அட்டவணை ஏறத்தாழ 250 மில்லிகிராம் என்கிறது. இனம், மண், காயின் முதிர்ச்சி, அளவிடும் முறை ஆகியவற்றால் எண் மாறும் என்பதனால் நான் குறைந்த எண்ணையே கணக்கில் எடுக்கிறேன். அப்படி எடுத்தாலும் தோடம்பழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது. அரைநெல்லிக்கு வெளியான அளவீடுகளுட் சில 10 மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. ஆகவே அரைநெல்லிச் சாற்றை மருந்தென்று நினைத்துக் குடிக்க வேண்டியதில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மரத்தடியில் நின்று தின்பதற்காகவே அது படைக்கப்பட்டது என்பது என் துணிபு. அதைப் பானமாக்கினால் கிடைப்பது நல்ல புளிப்பும் இளமஞ்சள் நிறமும் மாத்திரமே. தேசிக்காய் விலை ஏறும் நாட்களில் அந்தப் புளிப்புக்கும் ஒரு பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை.

நெல்லியின் குறை அதன் துவர்ப்பு. தனின் எனப்படும் துவர்ப்புப் பொருட்கள் நாக்கைப் பிடித்து இழுப்பதனால் பிள்ளைகள் முதல் மிடற்றிலேயே முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பை நீக்கத்தான் சீனி வந்து சேர்கிறது. நெல்லியைத் தின்ற பின்னர் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பதைக் காட்டி என் மகளை ஒரு வாரம் ஏமாற்ற முடிந்தது. இரண்டாம் வாரம் அவள் தண்ணீரை மாத்திரம் கேட்டாள். மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விதையில் இருந்து வளர்ந்த நெல்லி காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும். ஒட்டுக்கன்று அதற்கு முந்தும். தனிமரமாக நிற்கும் நெல்லி சில வேளைகளில் நிறையப் பூத்தும் சொற்பமாகவே காய்ப்பதுண்டு. தன் மகரந்தத்தால் தானே நன்கு காய் பிடிக்காத இயல்பு பல நெல்லி இனங்களிடம் இருப்பதே காரணம். நெல்லியடி என்று ஊருக்கே பெயர் வைத்த நாட்டில் வீட்டுக்கொரு மரம் நின்ற காலத்தில் இந்தச் சிக்கலை எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது தெரிவு எங்கள் வளவில் இல்லாதது. ஒழுங்கையின் மறுமுனையில் உள்ள பெரியம்மா வீட்டு மதிலோரத்தில் இருப்பது. சிறிய சிவந்த பழம் காய்க்கும் அந்தச் செடியை எல்லோரும் செரி என்று மட்டும் சொல்வதனால் குழப்பம் வருகிறது. நான் சொல்வது மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து வந்த பாபடோஸ் செரி. மூன்று மேடு கொண்ட தோலும், உள்ளே மூன்று சிறு விதைகளும் உடையது. கேக்கில் வைக்கும் செரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தியாவில் அப்பெயரில் விற்கப்படும் சிவப்புக் காய் பல வேளைகளில் சாயமேற்றிப் பாகில் இட்ட களாக்காயே, அதாவது எங்கள் கிளாக்காய். பாபடோஸ் செரியின் விற்றமின் சி அளவைக் கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள்: அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுச் சத்து அட்டவணை 100 கிராமுக்கு ஏறத்தாழ 1,678 மில்லிகிராம் என்று குறிக்கிறது. நன்கு பழுத்த பழத்தைவிடச் செங்காயில் இது இன்னும் கூடுதலாக இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 45 மில்லிகிராம் என்பதனால், இந்தப் பழத்தில் ஓரிரண்டைத் தின்றாலே அந்த நாளுக்குப் போதும். துவர்ப்புக் குறைவாக இருப்பதனால் சீனியின் தேவையும் குறைகிறது.

அப்படியானால் நெல்லியை விட்டுச் செரிக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். செரியின் பலவீனம் அதன் மென்மை. பறித்த நெல்லியை ஒரு வாரம் கடகத்தில் வைத்திருக்கலாம். பறித்த செரி மறுநாளே தளர்ந்து, அதற்கடுத்த நாள் புளித்த வாடை வீசத் தொடங்கும். மழைக்குப் பின்னர் பூத்து, மூன்று நான்கு வாரங்களில் ஒரே மூச்சில் பழுத்து, பறவைகளுக்கு முன்னர் நாம் எழுந்தால் நமக்கு, இல்லாவிட்டால் அவற்றுக்கு என்று முடிந்துவிடும். ஆனால் ஆண்டில் பல தடவை இவ்வாறு பழுக்கும் என்பதும், பதியன் கன்று இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே பழம் தரும் என்பதும், எங்கள் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கி வளரும் என்பதும் அதன் பக்கம் நிற்கும் நியாயங்கள்.

கிளாப்பழத்தையும் நாவலையும் நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. இரண்டுமே விற்றமின் சி இற்காகக் குடிக்கப்படுபவை அல்ல. நாவலில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் அளவே இருக்கிறது. அவற்றின் சிறப்பு ஊதா நிறத்தைத் தரும் அந்தோசயனின் பொருட்களும் துவர்ப்புப் பொருட்களும்தான். கிளாக்காயில் பால் வடியும். அதைப் பச்சையாக அரைத்தால் பாத்திரமெல்லாம் பிசுபிசுக்கும் என்பதனால் வேக வைத்தே ஆக வேண்டும். நாவற்பழத்தின் சாறு அழகானது, சுவையானது, ஆனால் பருவம் மிகக் குறுகியது. நாவற்கொட்டைத் தூள் சலரோகத்தை மாற்றும் என்று சொல்லி அதைப் பானத்தில் கலக்கச் சொல்வோர் பலர் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். மருத்துவர் கொடுத்த குளிசையை நிறுத்திவிட்டு அதைக் குடிக்க வேண்டாம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறொன்றுமில்லை.

இனி முறைக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் நெல்லிப் பானம் என்றதும் நினைவுக்கு வருவது நெல்லி ரசம்தான். 1928 இல் தோலகட்டியில் தொடங்கப்பட்ட செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் தயாரிப்புகளில் திராட்சை ரசத்தோடு அதுவும் பெயர் பெற்றது; கொழும்புக்குப் போகும் பயணப்பையில் பனங்கட்டிக் குட்டானுக்குப் பக்கத்தில் ஒரு போத்தலும் இருப்பது நெடுநாள் வழக்கம். வீட்டில் செய்பவர்களின் முறை பெரும்பாலும் இவ்வாறிருக்கும்: ஒரு கிலோ நெல்லியை ஒரு லீற்றர் தண்ணீரில் அவித்து, கொட்டை நீக்கி, மசித்து வடித்து, வடித்த சாற்றில் ஒரு கிலோ சீனியைக் கரைத்துக் காய்ச்சி, ஆறுமுன்னர் போத்தலில் அடைப்பார்கள். ஏறத்தாழ 1.6 லீற்றர் ரசம் கிடைக்கும். விருந்தினருக்கு ஒரு பங்கு ரசத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து கொடுப்பார்கள்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்த நாளில்தான் எனக்கு உறைத்தது. 1.6 லீற்றரில் ஒரு கிலோ சீனி என்றால் லீற்றருக்கு 625 கிராம். 200 மில்லிலீற்றர் குவளை ஒன்றில் சேரும் 40 மில்லிலீற்றர் ரசத்தில் மாத்திரம் 25 கிராம் சீனி இருக்கிறது. ஆறு தேக்கரண்டிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர் ஒருவர் நாள் முழுவதிலும் உட்கொள்ளும் சேர்க்கைச் சீனியை ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்திருப்பது மேலானது. ஒரே குவளையில் அந்த நாளின் பங்கு முடிந்துவிடுகிறது. இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களின் போத்தல்களில் நிறக்குறி இடப்படுவதை அறிவோம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. நாம் கலந்த நெல்லிப் பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 12.5 கிராம் இருப்பதனால், கடையில் விற்றிருந்தால் அதன் மீது சிவப்பு வட்டமே ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளைகளைக் கடைச் சோடாவில் இருந்து மீட்பதாக எண்ணிக்கொண்டு நான் கொடுத்தது அதே நிறக்குறி உடைய இன்னொரு பானத்தை.

சீனியைக் குறைத்தால் என்ன என்று அடுத்த முறை அரைக் கிலோ மாத்திரம் இட்டேன். இங்கேதான் சேமிப்பின் சிக்கல் தலைகாட்டுகிறது. பாகில் சீனி 65 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் வளர்வது பெரிதும் தடைப்படும். சம அளவு சாறும் சீனியும் சேர்ந்த வழமையான ரசம்கூட எடைக்கணக்கில் 50 சதவீதமே. அதனைக் காப்பாற்றுவது நெல்லியின் புளிப்பும், சூட்டோடு அடைப்பதும், திறந்த பின்னர் குளிரில் வைப்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்துதான். நானோ சீனியைப் பாதியாக்கி, ஆறிய பின்னர் அடைத்து, போத்தலைச் சமையலறைத் தட்டிலேயே வைத்தேன். சித்திரை வெயிலில் பத்தாம் நாள் இரவு மூடி பறந்த சத்தத்தில் வீடே விழித்துக்கொண்டது. காற்றில் வந்த மதுவம் என்ற நுண்ணுயிர் சீனியைத் தின்று காற்றுக் குமிழிகளாக்கியிருந்தது. சுவர் முழுவதும் நெல்லி. சீனி குறைத்த பானத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைக்கக் கூடாது என்பதைப் புத்தகம் படித்தும் அறியலாம். நான் சுவரைக் கழுவி அறிந்தேன். பாதுகாப்புப் பொருள் சேர்ப்பது ஒரு வழிதான். ஆனால் விற்றமின் சி மிகுந்த சாற்றில் பென்சொயேற்று வகைப் பாதுகாப்புப் பொருளைச் சேர்த்துச் சூட்டிலும் வெளிச்சத்திலும் வைத்திருந்தால் சிறிதளவு பென்சீன் உருவாகக்கூடும் என்பதனால், அளவுகோலும் ஆய்வுகூடமும் இல்லாத வீட்டுச் சமையலறையில் அதனை நான் விரும்பவில்லை.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி என்ற யோசனை எங்கள் ஊரில் எவரிடமும் கேட்காமலே கிடைக்கும். பனங்கட்டியின் மணம் நெல்லியின் துவர்ப்போடு இசைந்து போவதை நான் ஒப்புக்கொள்கிறேன். வெறும் சீனியைவிடக் கனியுப்புகளும் சிறிது கூடுதலாக இருக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். சலரோகம் உள்ளவருக்குப் பனங்கட்டி தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை எத்தனை வீடுகளில் இரத்தச் சீனியை ஏற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் கவலை வருகிறது. தேனில் ஊறிய நெல்லிக்கும் இதே தீர்ப்புத்தான்.

ரசத்தில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. விற்றமின் சி வெப்பத்தாலும் காற்றாலும் சிதையும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பட்டால் இன்னும் விரைவாகச் சிதையும். அவித்து, மசித்து, வடித்து, மீண்டும் காய்ச்சிய சாற்றில் எஞ்சுவது தொடக்கத்தில் இருந்ததன் ஒரு பகுதியே. நெல்லியின் துவர்ப்புப் பொருட்கள் வெப்பத்தை ஓரளவு தாங்குவதனால் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் அதே துவர்ப்புப் பொருட்கள் சாற்றைக் கரும் மையாக்கிவிடும் என்பதனால் எவர்சில்வர் அல்லது மண்சட்டி நன்று. அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும்.

அதற்கு நேர்மாறான முறை, பறித்த அன்றே பச்சையாக அரைத்துக் குடிப்பது. கொட்டை நீக்கிய நெல்லிச் சதை 50 கிராம், ஒரு சிறு துண்டு இஞ்சி, இரண்டு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை உப்பு, 200 மில்லிலீற்றர் தண்ணீர் ஆகியவற்றை அரைத்து, துணியில் வடிக்காமல் கண்ணறை பெரிய வடியில் ஒருமுறை வடித்தால் போதும். சத்துக் கணக்கில் இதை மிஞ்ச வேறு முறை இல்லை. ஆனால் நாள்தோறும் காலையில் நெல்லி கொட்டை நீக்க எவருக்கு நேரம் இருக்கிறது? எங்கள் வீட்டில் இது ஒன்பது நாட்கள் நடந்தது. மேலும், மரத்தில் காய் உள்ள வாரங்களுக்கு மட்டுமே இது செல்லுபடியாகும். ஆண்டின் மீதி மாதங்களுக்கு விடை சொல்லாது.

இந்த இரண்டுக்கும் நடுவே நாங்கள் கண்டுபிடித்தது உறைய வைக்கும் முறை. கண்டுபிடித்தது என்று சொல்வது கூடுதல். ஐஸ் தட்டு உள்ள எவருக்கும் தோன்றக்கூடியதுதான். அரைக் கிலோ நெல்லிச் சதையை, கொதித்து ஆறிய தண்ணீர் 100 மில்லிலீற்றரோடும் இஞ்சியோடும் அரைத்து, வடிக்காமல் அப்படியே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, உறைந்ததும் கட்டிகளைக் கழற்றிக் காற்றுப் புகாத பையில் இட்டு மீண்டும் உறைநிலையில் வைக்கிறோம். ஒரு கட்டியில் ஏறத்தாழ 15 கிராம் சதை இருக்கும். குவளைக்கு இரண்டு கட்டி என்றால், முன்னர் சொன்ன குறைந்த எண்ணின்படியே 75 மில்லிகிராம் விற்றமின் சி; அரைக்கும்போதும் உறையும்போதும் சிறிது இழந்தாலும் நாளின் தேவையை ஒட்டியே நிற்கும். உறைநிலையில் சிதைவு மிக மெதுவாகவே நடைபெறும் என்பதனால் சில மாதங்களுக்குக் கவலையில்லை. சீனி ஒரு துளியும் தேவையில்லை. குடிப்பவர் தமக்கு வேண்டியதைக் குவளையில் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது அம்மம்மாவின் குவளைக்கு உப்பும், பிள்ளைகளின் குவளைக்கு ஒரு தேக்கரண்டி சீனியும் என்று பிரித்துக்கொடுக்க முடிகிறது. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்பதனால் 200 மில்லிலீற்றருக்கு அது பச்சைக் குறியின் எல்லையில் வந்து நிற்கிறது. செரிக்கும் இதே முறை பொருந்தும். சொல்லப்போனால் மறுநாளே தளரும் பழத்துக்கு இதைவிட வேறு வழியே இல்லை.

குறை என்னவென்றால், இம்முறை மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1990 களில் குடாநாடு மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்ததை எங்கள் தலைமுறை மறக்கவே முடியாது. உருகிய கட்டியை மீண்டும் உறைய வைக்காமல் அன்றே பயன்படுத்திவிட வேண்டும். இதனால்தான் மின்சாரம் வேண்டாத இரண்டு பழைய முறைகளையும் நான் ஒதுக்கவில்லை.

ஒன்று உப்புநீரில் ஊற வைப்பது. நெல்லியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, கொதித்து ஆறிய உப்புநீரில் மூழ்கும்படி சாடியில் இட்டு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அதில் இரண்டை நசுக்கி மோரில் கலந்து, கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் சேர்த்தால் பங்குனி வெயிலுக்கு அதற்கு நிகரான பானத்தை நான் குடித்ததில்லை. சுவைக்கு மட்டும் பரிசு என்றால் இதற்கே கொடுப்பேன். ஆனால் பிறசர் உள்ளவர்கள் உப்பைக் கணக்குப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராம் என்ற எல்லையில் ஒரு கணிசமான பங்கை இந்த மோர் எடுத்துக்கொள்ளும். மற்றது நெல்லியை வெயிலில் உலர்த்தி வற்றலாக்குவது. நாட்டு மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி என்று கேட்டால் கிடைப்பது இதுதான். கடுக்காயோடும் தான்றியோடும் சேர்ந்து திரிபலையாவதும் இதுவே. வெயிலில் விற்றமின் சி இன் பெரும்பகுதி போய்விடும், துவர்ப்புப் பொருட்கள் தங்கும். அதைக் கொதிக்க வைத்துக் குடிப்பது கசாயம் குடிப்பதுதான். பிள்ளைகளிடம் அதைப் பானம் என்று சொல்லி ஏமாற்ற என்னால் முடியவில்லை.

தண்ணீரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பதனால் ஒரு பந்தி எழுதுகிறேன். குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. அதில் கரைந்திருக்கும் இருகாபனேற்று உப்புகள் அமிலத்தின் ஒரு பகுதியைச் சமன்செய்துவிடும். கொழும்பில் கலந்த அதே அளவு ரசம் எங்கள் கிணற்றுநீரில் புளிப்புக் குறைந்து மந்தமாகத் தோன்றுவது நாக்கின் பிரமையன்று. நாவல், கிளா ஆகியவற்றின் சாறு எங்கள் தண்ணீரில் சிவப்பை இழந்து மங்கிய நீலச்சாயலுக்குப் போவதும் இதே காரணத்தால்தான்; இரண்டு துளி தேசிச்சாறு விட்டால் நிறம் திரும்பும். கிணற்று நீரின் உவர்ப்பை மாற்ற நெல்லிக் கட்டையைக் கிணற்றில் போடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. சுண்ணாம்புக்கு அது ஈடுகொடுக்காது. தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளின் கிணறுகளில் உரத்தில் இருந்து வந்த நைத்திரேற்று கூடுதலாக இருப்பது தெரிந்த விடயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அப்படிப்பட்ட கிணறாயின் பானத்துக்கு வேறு குடிநீரை எடுப்பதே சரி.

யார் குடிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துக் காயும் மாறும். இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு, முருங்கையிலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள விற்றமின் சி உதவுகிறது. ஆனால் துவர்ப்புப் பொருட்கள் அதைத் தடுக்கின்றன. நெல்லியில் இரண்டும் சேர்ந்திருப்பதனால் சோற்றோடு சேர்த்துக் குடிக்க எனது தெரிவு செரியே. சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் நெல்லியை அளவாகக் குடிப்பதில் தடையில்லை. எனினும் நெல்லி இரத்தச் சீனியைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்பதனால் நாள்தோறும் குடிக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் அவ்வாறே. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவு மீற வேண்டாம். மிகையான விற்றமின் சி உடலில் ஒட்சலேற்றாக மாறும். எந்தப் புளிப்புப் பானமாயினும் குடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது பல்லின் மேற்படையான மிளிரிக்கு நல்லது. உடனே பல் துலக்குவது நல்லதன்று.

எங்கள் வீட்டில் எடுத்த தீர்மானம் இது. நெல்லி காய்க்கும்போது மூன்றில் இரண்டு பங்கு உறை கட்டிகளாகிறது. எஞ்சியதில் ஒரு சாடி உப்புநீருக்குப் போகிறது. மூன்று போத்தல் ரசம் முழுச் சீனியோடு, சூட்டோடு அடைக்கப்பட்டு, தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வரும் உறவினருக்காக ஒதுக்கப்படுகிறது. அவர்களுக்கும் நான் இப்போது 40 மில்லிலீற்றருக்குப் பதில் 25 மில்லிலீற்றரே ஊற்றுகிறேன்; சிவப்பு செம்மஞ்சளாகிறது, இதுவரை எவரும் குறை சொல்லவில்லை. அரைநெல்லி பிள்ளைகளின் பொறுப்பில் மரத்தடியோடு விடப்பட்டுள்ளது. கிணற்றடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் இன்னொரு நெல்லி ஒட்டுக்கன்று நடுவதா, செரி நடுவதா என்ற வழக்கில் அம்மம்மா நெல்லியின் பக்கம் நின்றார். தனிமரத்துக்குத் துணை வேண்டும் என்பது அவரது வாதம், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் நெல்லிக்கு நிழல் விரித்து நிற்க இடம் வேண்டும், செரி வெட்டி அடக்கி வளர்க்கக்கூடியது. ஆகவே பெரியம்மா வீட்டில் இருந்து இரண்டு பதியன்களைக் கொண்டுவந்து கார்த்திகை மழையோடு அந்த இடத்தில் நட்டிருக்கிறோம். ஒட்டு நெல்லிக்காக விளிம்பி மரத்தின் பாதிக் கிளைகளை வெட்டுவதென்று பேச்சு நடக்கிறது.